வடசென்னையில் கல்லூரி சேர்கிறீர்களா? முதல் செமஸ்டரில் பணம் எங்கே போகும், எங்கே பிடிக்கலாம்

டீக்கடையில் ஒரு பஜ்ஜியைத் தவிர்த்தால் பத்து ரூபாய் மிச்சம். வங்கிக் கணக்கு ஆதாரோடு ஒழுங்காகச் சேராமல் கிடந்தால் வருடத்துக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை போச்சு. புதிதாகக் கல்லூரி சேரும் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லும் சிக்கன அறிவுரை எல்லாம் பஜ்ஜி வகையைச் சேர்ந்தது. பெரிய ஓட்டை முதல் மாதத்துக் காகித வேலையிலும் அறை அட்வான்ஸிலும்தான் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டி பெரிய தொகையில் தொடங்கிச் சின்னத் தொகைக்கு இறங்குகிறது. வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரி, வண்ணாரப்பேட்டை தியாகராயா, பாரதி மகளிர் கல்லூரி, ஸ்டான்லி என்று இந்தப் பக்கம் படிப்பவர்களுக்கும், இங்கே தங்கிச் சேப்பாக்கம், கிண்டி போய் வருபவர்களுக்கும் இது பொருந்தும்.

சான்றிதழ்: ஜூன் மாதத்திலேயே முடிக்க வேண்டியது

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகிய நான்கும் இ-சேவை வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். மையத்தில் ஒரு சான்றிதழுக்கு 60 ரூபாய். இதற்கு மேல் ‘சீக்கிரம் முடித்துத் தருகிறேன்’ என்று யாராவது 500 கேட்டால் கொடுக்காதீர்கள். விண்ணப்பம் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று கணினியிலேயேதான் நகர்கிறது. எங்கே நிற்கிறது என்பதை விண்ணப்ப எண்ணை வைத்து நீங்களே பார்க்கலாம்.

வருமானச் சான்றிதழ் ஒரு வருடம்தான் செல்லும். பன்னிரண்டாம் வகுப்பில் எடுத்தது கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது காலாவதியாகி நிற்கும். பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. புதிதாக எடுத்துவிடுங்கள்.

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு மூலம் சேர்ந்தவர்களுக்கு மட்டும். அதே கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது. அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்தாலும் கிடையாது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து, 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் தொழிற்படிப்பு கிடைத்தவர்களுக்கு நிலைமையே வேறு. படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. அப்படிச் சேர்ந்தவர்களிடம் கல்லூரி ‘முதலில் கட்டுங்கள், அப்புறம் திருப்பித் தருகிறோம்’ என்று சொன்னால், எதற்காக என்று எழுத்தில் கேளுங்கள்.

பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் இனிஷியல் ஒரு தீராத தலைவலி. மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாக என்று மூன்று இடத்தில் மூன்று விதமாக இருக்கும். கணினிக்கு அது மூன்று ஆள். மதிப்பெண் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்ற இரண்டையும் அதற்கேற்ப மாற்றுங்கள். தலைகீழாகச் செய்யாதீர்கள், மதிப்பெண் சான்றிதழைத் திருத்துவதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை.

டி.சி.யைக் கல்லூரியில் கொடுத்தால் அது அங்கேயே தங்கிவிடும். கொடுக்கும் முன் பத்து ஜெராக்ஸும் ஒரு நல்ல ஸ்கேனும் எடுத்து வையுங்கள்.

கல்லூரி மாறினால் கட்டிய பணம் என்ன ஆகும்?

ஒரு கல்லூரியில் பணம் கட்டியபின் கலந்தாய்வில் வேறு நல்ல இடம் கிடைப்பது வாடிக்கை. ‘கட்டியது கட்டியதுதான்’ என்று அலுவலகத்தில் சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பு ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது. சேர்க்கைக்கு அறிவித்த கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கும் முன்போ விலகினால் முழுத் தொகை, அதில் பிடித்தம் 5 சதவீதத்துக்குள், அதிகபட்சம் 5,000 ரூபாய். கடைசி நாளுக்கு முந்தைய 15 நாளுக்குள் விலகினால் 90 சதவீதம். கடைசி நாள் கழிந்து 15 நாளுக்குள் என்றால் 80, அதற்கு மேல் 30 நாள் வரை 50. அதன்பின் ஒன்றுமில்லை.

எனவே விலகுவதென்றால் கடிதத்தை உடனே, தேதியோடு, மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ‘சாரைப் பார்த்துப் பேசிவிட்டு அடுத்த வாரம் கொடுக்கலாம்’ என்று தள்ளினால் 90 எண்பதாகிவிடும். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்பதும் அதே அறிவிப்பில்தான் இருக்கிறது.

வர வேண்டிய பணமும் அது வராமல் போகும் வழிகளும்

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2022 செப்டம்பரிலிருந்து. மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே 1,000, 2024 ஆகஸ்டிலிருந்து. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களும் இப்போது சேர்த்தி. தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தால் கிடைக்காது. இது தவிர ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் மாணவர்களுக்கான உதவித்தொகைகள் இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்புப் போர்டு தேர்வில் முன்வரிசை 20 சதவீதத்துக்குள் வந்து, குடும்ப வருமானம் வருடத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசின் உதவித்தொகையும் உண்டு. இளநிலைப் படிப்புக்கு வருடம் 12,000 ரூபாய், தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நல்ல மதிப்பெண் வாங்கிய பலர் இந்தக் கடைசி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை.

பணம் வராமல் போகும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். இரண்டு விதமான ‘ஆதார் இணைப்பு’ இருக்கிறது என்பது தெரியாமல் இருப்பது. ஒன்று, கணக்கு தொடங்கும்போது அடையாளத்துக்குக் கொடுக்கும் ஆதார். இன்னொன்று, ஆதார் எண்ணுக்கு வரும் அரசுப் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று பதிவு செய்யும் ‘சீடிங்’. முதலாவது மட்டும் இருந்தால் உதவித்தொகை வராது. சீடிங் ஒரு நேரத்தில் ஒரே ஒரு வங்கிக்குத்தான் இருக்கும். பள்ளியில் படிக்கும்போது தொடங்கிய பழைய கணக்குக்கு அது இருந்தால், நீங்கள் கல்லூரியில் எழுதிக்கொடுத்த புதுக் கணக்கு எண்ணை யாரும் பார்க்கப்போவதில்லை. பணம் பழையதற்கே போகும்.

சரிபார்க்கும் முறை இது.

1. ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் மொபைல் ஓ.டி.பி. வைத்து உள்ளே போய், வங்கி சீடிங் நிலை என்ற இடத்தைத் திறங்கள். வங்கியின் பெயரும், செயல்பாட்டில் இருக்கிறதா என்பதும் தெரியும். ஆதாரில் பழைய மொபைல் எண் இருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும்.

2. வேறு வங்கி காட்டினாலோ எதுவுமே காட்டாவிட்டாலோ, பணம் வர வேண்டிய வங்கிக் கிளைக்குப் போய் ஆதார் சீடிங் ஒப்புதல் படிவம் எழுதிக் கொடுங்கள். ‘லிங்க் ஆகிடுச்சுப்பா’ என்று கவுண்டரில் சொன்னாலும் சில நாள் கழித்து இணையதளத்தில் மறுபடி பாருங்கள்.

3. 18 வயதுக்கு முன் தொடங்கிய மைனர் கணக்கு என்றால், 18 முடிந்ததும் புதிய கையெழுத்து, புகைப்படம், அடையாள ஆவணங்கள் கொடுத்துச் சாதாரணக் கணக்காக மாற்றுங்கள். இல்லாவிட்டால் பணம் வந்து உட்கார்ந்திருக்கும், எடுக்க முடியாது.

4. கல்லூரி அலுவலகத்தில் உங்கள் யூமிஸ் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பள்ளியில் எமிஸ் எண் இருந்ததுபோல் கல்லூரிக்கு இது. இதில் உங்கள் விவரம் ஏறாவிட்டால் எந்த மாநில உதவித்தொகையும் நகராது. ஏற்றுவது கல்லூரியின் வேலைதான். ஆனால் ஏற்றினார்களா என்று கேட்பது உங்கள் வேலை.

புதுக் கணக்கு தொடங்கினால் குறைந்தபட்ச இருப்பு வைக்கத் தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அதில் மாதம் நான்கு முறை பணம் எடுப்பது இலவசம். சாதாரண சேமிப்புக் கணக்கில், சென்னை போன்ற பெருநகரத்தில் சொந்த வங்கி ஏ.டி.எம்.மில் மாதம் ஐந்து முறையும் பிற வங்கியில் மூன்று முறையும் இலவசம். அதைத் தாண்டினால் ஒரு தடவைக்கு 23 ரூபாய் வரை போகும். நூறு நூறாக எடுக்கும் பழக்கம் இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அறை: அட்வான்ஸ், தண்ணீர், கரண்ட்

அரசு விடுதி கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதிகளுக்கு 2025-இல் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். தங்குவதும் சாப்பாடும் இலவசம். விண்ணப்பம் கல்லூரி திறக்கும் சமயத்திலேயே முடிந்துவிடும்.

வெளியில் அறை எடுப்பதானால், இந்தப் பக்கம் இடம் பார்ப்பதற்கென்று தனிக் கணக்கு இருக்கிறது. வெயில் காலத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். புளியந்தோப்பு, பட்டாளம், வியாசர்பாடியின் சில பகுதிகள், கேப்டன் காட்டன், ஓட்டேரி நல்லா ஆகிய கால்வாய்களின் ஓரங்கள் எல்லாம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேறு முகம் காட்டும். தரைத்தளம் மலிவாக வருகிறதென்றால் சுவரைப் பாருங்கள். முழங்கால் உயரத்தில் உப்புப் பூத்த கோடு இருந்தால் அதுதான் தண்ணீர் நின்ற மட்டம். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் பக்கத்து வீட்டுச் சுவரைப் பாருங்கள். மெத்தை, புத்தகம், லேப்டாப் ஒரு மழையில் போனால், முதல் மாடிக்கு மாதம் 500 கூடுதலாகக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றும்.

கல்லூரிக்கும் அறைக்கும் நடுவே கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டோ, மழையில் நிரம்பும் கணேசபுரம் சுரங்கப்பாதையோ வருகிறதா என்பதையும் கேளுங்கள். வரைபடத்தில் பத்து நிமிடம் என்று காட்டும், கேட் போட்டால் அதற்கு மேல் அங்கேயே நிற்க வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலை, மணலி பக்கம் கன்டெய்னர் லாரி ஓடும் சாலைகளில் காலை நேரத்தில் சைக்கிள் ஓட்டுவதை நம்பி இடம் பார்க்க வேண்டாம்.

தண்ணீருக்கு மூன்று கேள்வி: மெட்ரோ தண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும்? மேல் தொட்டிக்கு ஏறுவது மெட்ரோ தண்ணியா, போர் தண்ணியா? குடிக்கக் கேன் தண்ணி தனிச் செலவா? கடலோரம் ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் போர் தண்ணி உப்பாக இருக்கும். குளித்தால் முடி சிக்காகும், சோறு மஞ்சளடிக்கும். குழாயைத் திறந்து வாயில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அட்வான்ஸ் பத்து மாத வாடகை என்பது சென்னையின் பழைய வழக்கம். தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதபோது மூன்று மாத வாடகைதான் முன்பணம் என்கிறது. ‘வேறுவிதமாகச் சொல்லாதபோது’ என்பதில்தான் சங்கதி இருக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போடும் தாளில் பத்து மாதம் என்று இருந்தால் பத்து மாதம்தான். அதனால் பேரம் கையெழுத்துக்கு முன்னால். ஆறு மாதத்துக்கு மேல் கேட்டால் வேறு வீடு பாருங்கள், மூன்று பேர் சேர்ந்து போனால் இந்தப் பக்கம் கிடைக்கும். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பார்களா, எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும் ஆகிய மூன்றையும் தாளில் எழுத வையுங்கள். பணத்தை யு.பி.ஐ.யில் அனுப்பி, குறிப்பில் ‘அட்வான்ஸ்’ என்றே எழுதுங்கள். உள்ளே போன அன்று சுவர், குழாய், கதவு, சுவிட்சு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து ஹவுஸ் ஓனருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பிற்பாடு ‘இந்த வாஷ்பேசினை நீங்கதானே உடைச்சீங்க’ என்ற பேச்சே வராது.

கரண்ட்: வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆனால் ஒரே இணைப்பில் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து ரூபாய் என்று வாங்குபவர்கள் அதிகம். தனி மீட்டர் இருக்கும் வீட்டுக்கு வாடகை 300 ரூபாய் கூட இருந்தாலும் அதுவே லாபமாக முடியும். மின் இணைப்பு எண்ணை வாங்கிக்கொண்டால் உண்மையான பில்லை இணையத்தில் பார்க்கலாம்.

போக்குவரத்து: எதற்கு எது

மாணவிகளுக்குச் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் கட்டணமே இல்லை, பாஸும் வேண்டாம். பிங்க் நிறம் அடித்த வண்டியைப் பார்த்து ஏறினால் போதும். எக்ஸ்பிரஸ், டீலக்ஸ் வண்டியில் ஏறிவிட்டு கண்டக்டரிடம் வாதாடிப் பயனில்லை. அரசுக் கல்லூரி, அரசு பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு வீட்டிலிருந்து கல்லூரிக்கு இலவச பஸ் பாஸ் உண்டு. தனியார் கல்லூரிக்குப் பாதிக் கட்டணச் சலுகை. நகரம் முழுக்கச் சுற்றுபவர்களுக்கு 1,000 ரூபாய் மாதப் பாஸ் இருக்கிறது. இலவச பாஸ் கிடைப்பவர்கள் இதை வாங்குவது வீண்.

புறநகர் ரயில்தான் மலிவில் ராஜா. கும்மிடிப்பூண்டி தடத்தில் எண்ணூர், விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை. இன்னொரு தடத்தில் வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர், வில்லிவாக்கம். 20 கிலோமீட்டருக்குள் மாத சீசன் டிக்கெட் ஏறத்தாழ 100 ரூபாய்தான், மாணவர் சீசன் அதில் பாதி. மூன்று மாத சீசன் எடுத்தால் 2.7 மடங்குதான், மூன்று மடங்கு இல்லை. இதைவிடப் பெரிய சங்கதி: பட்டப்படிப்பு முடியும்வரை மாணவிகளுக்கு வீட்டுக்கும் கல்விக்கூடத்துக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாத சீசன் இலவசம் என்று ரயில்வே சலுகைப் பட்டியலிலேயே இருக்கிறது. யாரும் கூப்பிட்டுத் தர மாட்டார்கள். கல்லூரியில் ரயில்வே சலுகைப் படிவத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, கவுண்டரில் நீங்களே கேட்க வேண்டும். செயலியில் மாணவர் சீசன் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், கவுண்டர்தான்.

கும்மிடிப்பூண்டி தடத்தின் குறையையும் சொல்லியாக வேண்டும். மதியத்தில் வண்டி இடைவெளி நீளும். எக்ஸ்பிரஸுக்கும் கூட்ஸுக்கும் வழிவிட்டு வழியில் நிறுத்தி வைப்பார்கள். தேர்வு நாளில் அதை நம்பாதீர்கள். அன்றைக்கு மெட்ரோ. விம்கோ நகர் தடம் 2021 பிப்ரவரியில் திறந்ததிலிருந்து வண்ணாரப்பேட்டையைத் தாண்டி வடக்கே போக அதுபோல் நேரம் தவறாத வண்டி வேறில்லை. தியாகராயா கல்லூரிக்கென்றே அதன் பெயரில் ஒரு நிலையம் இருக்கிறது. ஆனால் தினமும் மெட்ரோ என்றால் கணக்கு இப்படி: 12 கிலோமீட்டருக்குள் 30 ரூபாய் தூரம், கார்டு வைத்து 20 சதவீதத் தள்ளுபடி போக 24. போக வர 48, மாதம் 22 நாளுக்கு 1,056. ரயில் மாணவர் சீசனோடு ஒப்பிட்டால் இருபது மடங்கு. மெட்ரோவைத் தேர்வுக்கும் மழைநாளுக்கும் வைத்துக்கொண்டு, தள்ளுபடிக்காக சிங்காரச் சென்னை கார்டில் 200 ரூபாய் போட்டு வைத்தால் போதும்.

சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகத்துக்கோ மாநிலக் கல்லூரிக்கோ போகிறவர்கள் பீச் ஸ்டேஷனில் பறக்கும் ரயிலுக்கு மாறிச் சேப்பாக்கத்தில் இறங்கலாம். சீசனை ‘சேப்பாக்கம் வரை’ என்று சேர்த்தே எடுங்கள், தனித்தனியாக எடுத்தால் இரட்டைச் செலவு.

ஒரு பஸ், ரயில் தடத்தில் வரும் மாணவர் கூட்டத்துக்குத் தலைவனாக நிற்கும் ‘ரூட்டு தல’ விவகாரமும் போக்குவரத்துச் செலவில்தான் வரும். பஸ் டே கொண்டாட்டத்திலோ ரயிலில் இரண்டு கல்லூரிகளுக்கு நடுவே நடக்கும் அடிதடியிலோ பெயர் எஃப்.ஐ.ஆரில் ஏறினால் வக்கீல், ஜாமீன், அலைச்சல் என்று ஒரு வருடக் கட்டணம் கரையும். அரசு வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் போலீஸ் சரிபார்ப்பு வரும்போது அது மறுபடி எழுந்து நிற்கும். கூட்டத்தில் பாட்டுப் பாடியவனும் தாளம் போட்டவனும் சேர்ந்தேதான் மாட்டுகிறார்கள்.

சாப்பாடு

அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், பொங்கல் 5, சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3, ராத்திரி இரண்டு சப்பாத்தி 3. காலையில் நாலு இட்லி, மதியம் சாம்பார் சாதமும் தயிர் சாதமும், ராத்திரி நாலு சப்பாத்தி என்று சாப்பிட்டால் ஒரு நாள் 18 ரூபாய், மாதம் 540. வயிறு நிறையும். ஆனால் இதில் புரதமும் காய்கறியும் போதாது. ஒரு நாளைக்கு இரண்டு முட்டை, ஒரு வாழைப்பழம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை சேர்த்துக்கொண்டால்தான் மாதக் கணக்கில் தாங்கும். மதியம் 12 மணிக்குப் போனால் சூடாகக் கிடைக்கும், இரண்டு மணிக்குப் போனால் தயிர் சாதம் தீர்ந்திருக்கும்.

மூன்று பேர் சேர்ந்து சமைப்பது அடுத்த வழி. தனியாளாகச் சமைத்தால் மிச்சம் ஆகாது, மீந்து கெட்டுப்போவதிலேயே லாபம் போய்விடும். ஒரு வேளைக்கு ஆளுக்கு 120 முதல் 150 கிராம் அரிசி, மூன்று பேர் சாம்பாருக்கு 100 கிராம் துவரம்பருப்பு, மூன்று லிட்டர் குக்கர். இந்த அளவில் பிசகினால் முதல் மாதம் குப்பைத்தொட்டிதான் நன்றாகச் சாப்பிடும். கேஸுக்கு முகவரிச் சான்று இல்லையே என்று தெருவில் நிரப்பிக்கொடுக்கும் சிலிண்டரை வாங்காதீர்கள், அது சட்டவிரோதம், வால்வும் கசியும். எண்ணெய் நிறுவனங்களே 5 கிலோ சின்ன சிலிண்டர் விற்கின்றன. அடையாள அட்டை ஒன்று காட்டினால் போதும், முகவரிச் சான்று கேட்பதில்லை. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் சின்ன அடுப்பு எரித்தால் மாதம் ஓடும்.

மீன் தின்பவர்களுக்குக் காசிமேடு பக்கத்தில் இருப்பது ஒரு கொடுப்பினை. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், ஊரே வந்து நிற்கும். வாரநாளில் விடியற்காலையில் போய், வஞ்சிரம் பக்கம் திரும்பாமல் மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி, காரப்பொடி பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, விலை ஏறும், அப்போது முட்டையோடு நிறுத்திக்கொள்ளலாம். பீச் ஸ்டேஷன் பக்கம் செகண்ட் லைன் பீச்சில் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) தின்பதை எந்தச் சிக்கனத் திட்டத்திலும் தடை செய்ய முடியாது. மாதம் இரண்டு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகம், நோட்டு, லேப்டாப்

முதல் மூன்று வாரம் எந்தப் பாடப்புத்தகமும் வாங்காதீர்கள். உங்கள் பாடத்திட்டத்தின் ரெகுலேஷன் வருடத்தை, அதாவது அது எந்த வருடம் வந்த பாடத்திட்டம் என்பதை, முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2021 ரெகுலேஷன் போய் 2025 வந்திருக்கிறது. சீனியர் பாதி விலைக்குத் தருகிறேன் என்று நீட்டும் புத்தகத்தில் உங்களுக்கு இரண்டு யூனிட்தான் தேறலாம். கணிதம், இயற்பியல் போன்ற அடிப்படைப் பாடப் புத்தகம் பழசானாலும் பயன்படும், தேர்வுக்கென்று அச்சடித்த கையேடு பயன்படாது.

பழைய புத்தகத்துக்கு மூர் மார்க்கெட். பழைய கட்டடம் 1985-இல் எரிந்தபின் கடைகள் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின, சென்ட்ரலிலிருந்து நடக்கும் தூரம். புத்தகத்தின் பெயர், ஆசிரியர், எத்தனையாம் பதிப்பு என்று சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். ‘பி.காம். ஃபர்ஸ்ட் இயர் புக் இருக்கா?’ என்று கேட்டால் கடைக்காரருக்கு நீங்கள் புதுசு என்று தெரிந்துவிடும், விலை அதற்கேற்ப வரும்.

நோட்டு, ஏ4 தாளுக்கு பாரிமுனையில் ஆண்டர்சன் தெரு. ஒன்று இரண்டு வாங்கப் போனால் பஸ் காசுக்கு ஆகாது. ஐந்து பேர் சேர்ந்து டஜன் கணக்கில் வாங்கினால்தான் மொத்த விலை. ரெகார்டு நோட்டை மட்டும் முன்கூட்டி வாங்க வேண்டாம். பல துறைகள் தங்கள் அட்டை போட்டதைத்தான் ஏற்கும். வேதியியல் ஆய்வகச் சாமான், மருத்துவ மாணவர்களுக்கான கருவிகளுக்கு நயினியப்ப நாயக்கன் தெரு. துணிமணிக்கு எம்.சி. ரோடு, தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே போய்விடுங்கள்.

லேப்டாப் வாங்கும் முன், 2025-26 பட்ஜெட்டில் அறிவித்த அரசு மடிக்கணினித் திட்டத்தில் உங்கள் கல்லூரி, உங்கள் ஆண்டு வருகிறதா என்று அலுவலகத்தில் கேளுங்கள். ரிச்சி தெருவில் பழையது வாங்குவதென்றால் இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது, விண்டோஸ் 11 அதற்குக் கீழான சிப்பை ஏற்பதில்லை. ரேம் 8 ஜிபி, எஸ்.எஸ்.டி. 256 ஜிபி. கடையிலேயே சார்ஜரைப் பிடுங்கிவிட்டு இருபது நிமிடம் வீடியோ ஓட விடுங்கள். பேட்டரி 100-லிருந்து 70-க்கு விழுந்தால் புது பேட்டரி விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஒவ்வொரு விசையையும் தட்டிப் பாருங்கள், ஒவ்வொரு யு.எஸ்.பி. துளையிலும் பென்டிரைவ் போட்டுப் பாருங்கள். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) பாஸ்வேர்டு கேட்டால் அது ஏதோ அலுவலகத்திலிருந்து வந்த வண்டி, வேண்டாம். பில்லில் சீரியல் எண் எழுதி வாங்குங்கள்.

படிக்க இடம் வேண்டுமென்றால் எழும்பூர் கன்னிமாரா. கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தில் சிறு கட்டணத்தில் வைஃபையோடு உட்காரலாம். அறையில் நெட் பேக் போடுவதையும் காபி ஷாப்பில் போய் உட்காருவதையும்விட இது எவ்வளவோ மேல்.

உடம்புக்கு வந்தால், பணத்துக்கு வந்தால்

காய்ச்சல், தலைவலிக்கு உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையம். அதற்கு மேல் என்றால் ஸ்டான்லி. புறநோயாளிச் சீட்டு காலையில்தான் கொடுப்பார்கள். தொடர்ந்து மாத்திரை சாப்பிடுபவர்கள் முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ ஜெனரிக் பெயர் சொல்லி வாங்கினால் மருந்துச் செலவு பாதிக்கும் கீழே வரும்.

பகுதிநேர வேலைக்குக் கல்யாண மண்டபக் கேட்டரிங், டியூஷன் இரண்டும் இந்தப் பக்கம் எப்போதும் உண்டு. டெலிகிராமில் ‘ரிவ்யூ போட்டால் 150 ரூபாய்’ என்று தொடங்கும் வேலை, மூன்றாம் நாள் உங்களையே பணம் கட்டச் சொல்லும். அதைவிட ஆபத்து, ‘உன் அக்கவுண்டையும் ஏ.டி.எம். கார்டையும் ஒரு மாசம் கொடு மச்சி, ஐயாயிரம் தர்றேன்’ என்பது. அந்தக் கணக்கு வழியாக மோசடிப் பணம் ஓடும். போலீஸ் வருவது கணக்கின் பெயரைத் தேடி. கூடவே கணக்கு முடங்கும், வர வேண்டிய உதவித்தொகையும் அதிலேயே மாட்டும். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-ஐ அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம்.

வருகைப் பதிவும் அரியரும்

கடைசியாக, யாரும் செலவுக் கணக்கில் சேர்க்காத ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் 75 சதவீதம் வருகை வேண்டும். 65-க்கும் 75-க்கும் நடுவே இருந்தால் அபராதம் கட்டித்தான் தேர்வு. அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டர் தேர்வே எழுத முடியாது. 90 வேலை நாளில் 75 சதவீதம் என்றால் 22 நாள்தான் விடுப்பு. மழைக்கும் காய்ச்சலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் 12 நாளை ஒதுக்கிவிட்டு மீதியைத்தான் சினிமாவுக்குக் கணக்கு வைக்க வேண்டும்.

தேர்வுக் கட்டணத்தை அபராதமில்லாத கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்பே கட்டுங்கள், கடைசி நாளில் சர்வர் தூங்கும். மதிப்பெண் எதிர்பாராமல் குறைந்தால் நேராக மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டாமல் முதலில் விடைத்தாள் நகல் வாங்குங்கள். பாடம் எடுத்த ஆசிரியரிடம் காட்டி, ஏறும் என்று அவர் சொன்னால் மட்டும் அடுத்த கட்டணம். நகலுக்கு விண்ணப்பிக்க முடிவு வந்தபின் சில நாள்தான் அவகாசம் இருக்கும். முடிவு வரும் வாரத்தில் கணக்கில் ஆயிரம் ரூபாய் வைத்திருங்கள்.